செலியாக் நோய்: மரபணுச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சர்க்கரை நோய்க்காக இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் கீழ்பென்னாத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உண்டு. ரவை, சேமியா, பரோட்டா பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த நிலையில் விடாத வயிற்றுப்போக்கோ உப்புசமோ வந்தால் 'கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை' என்ற பேச்சு எழுகிறது. 'ஒரு மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே' என்ற யோசனையும் கூடவே வருகிறது. பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சோதனையால் என்ன தெரியும் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. செலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனதும், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு மட்டுமே அடையாளம் அல்ல. பிள்ளை வளராமல் இருப்பது, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, எலும்புத் தேய்மானம் ஆகியவையாகவும் அது வெளிப்படலாம். இது கோதுமை அலர்ஜி அல்ல; அது வேறு.

இந்நோய் உள்ள ஏறக்குறைய எல்லோரிடமும் ஹெச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை காணப்படுகிறது. மரபணுச் சோதனை தேடுவது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், நோயே இல்லாத கோடிக்கணக்கானவர்களிடமும் அதே மரபணு இருக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. மருத்துவர்கள் பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா உள்ளிட்டோர் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. நோயோ வடக்கே ஆயிரத்துக்கு 8.53, தெற்கே வெறும் 0.11. லட்சம் பேராகக் கணக்கிட்டால், தெற்கே 36,400 பேர் மரபணுவைச் சுமக்கிறார்கள். நோய் இருப்பதோ 11 பேருக்கு.

வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் வடகிழக்கில் 37 கிராம்தான் சாப்பிட்டார்கள், அங்கே நோய் ஆயிரத்துக்கு 4.66. ஆக, கோதுமையின் அளவு மட்டுமே முழு விளக்கம் ஆகாது. உலகின் மறுகோடியில், மேற்கு சஹாராவின் சஹ்ராவி மக்களின் குழந்தைகளில் 5.6 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இடத்துக்கு இடம் இவ்வளவு தூரம் மாறுகிறது.

எனவே நம் பகுதியில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் வரக்கூடிய முடிவுதான் அது. நோய் இருக்கிறது என்றோ, எப்போது வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும் என்றோ அது சொல்லாது. அந்தத் தாளை மட்டும் நம்பி வளரும் பிள்ளையின் உணவைப் பறிக்கக் கூடாது.

'நெகட்டிவ்' என்பதுதான் இந்தச் சோதனையின் பலம். இரண்டு வகையும் இல்லை என்றால், செலியாக் நோய் இல்லை, இனி வரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று மருத்துவர் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். நெகட்டிவ் வந்தவரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் முரண்படும்போதும் மருத்துவர்கள் இதைக் கேட்பார்கள்.

நோயைக் கண்டறிய முதலில் எடுக்க வேண்டியது டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. அது பாசிட்டிவ் ஆனால் பொதுவாக எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். பலர் தவறுவது இங்கேதான். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திச் சில மாதங்கள் ஆனால் ரத்தத்திலும் குடலிலும் அடையாளங்கள் மறைய ஆரம்பிக்கும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மரபணு மட்டும் சாப்பாட்டால் மாறாது. ஆகவே முன்பே நிறுத்திவிட்டவருக்கு முதலில் மரபணுச் சோதனை செய்வதில் அர்த்தம் உண்டு. அது பாசிட்டிவ் ஆனால், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் கோதுமை சாப்பிட்ட பிறகே மற்றப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டியிருக்கும்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதே மருத்துவம். அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை உண்ணும் நமக்கு வடநாட்டாரைவிட இது எளிது. இட்லியும் அரிசியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியும் ஆகும். ஹலீமும் சமோசாவும் ஆகாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.