எரிந்த ஊரில் எழுந்த வீடுகள்

1944ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை ஒன்று நோர்வேயின் வடகோடிக்குப் போயிற்று. மூன்று நாட்களுக்கு முன்னர்தான் சோவியத் செஞ்சேனை கிர்க்கனெஸ் நகரைக் கைப்பற்றியிருந்தது. பின்வாங்கும் ஜேர்மன் படை, துரத்தி வருபவனுக்கு ஒதுங்க ஒரு கூரையும் மிஞ்சாதபடி பின்மார்க் மாகாணத்தையும் அதற்குத் தெற்கே வட துரும்ஸ் பகுதியையும் எரித்துவிட வேண்டும். மக்களைத் தெற்கே அப்புறப்படுத்த வேண்டும். ஏறக்குறைய 50,000 பேர் வெளியேற்றப்பட்டனர். சுமார் 11,000 வீடுகளும் நூறுக்கு மேற்பட்ட பாடசாலைகளும் அழிந்தன. ஹம்மர்பெஸ்ட் நகரில் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான்.

யுத்த வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வீடிழந்தவர்களுக்கு வரலாறு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எரிந்த இடத்தில் எத்தகைய வீட்டை எழுப்புவது? அதைத் தீர்மானிப்பது யார்?

பின்மார்க் பரப்பளவில் டென்மார்க்கைவிடப் பெரியது. உள்நாட்டுக் குளிர் கொடியது. 1886இல் கராஷோக்கில் பதிவான சுழியத்துக்குக் கீழ் 51.4 பாகைதான் இன்றுவரை நோர்வேயின் உச்சக் குளிர். கரையோரம் அப்படியல்ல. வளைகுடா நீரோட்டத்தின் தயவால் அங்கே கடல் உறைவதில்லை. அங்குள்ள எதிரி காற்று. மரமும் இல்லை. வீடு கட்டும் பலகையைப் பல தலைமுறையாக வெண்கடற் கரையிலிருந்து ருஷ்ய வணிகர்கள் கொண்டுவந்து, மீனை வாங்கிச் சென்றார்கள். 1917இன் புரட்சியோடு அந்த வணிகமும் முடிந்தது.

இந்த மண்ணின் பழங்குடிகளான சாமி மக்களிடம் (எங்கள் சாமிக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை) பலகை வேண்டாத வீடு ஒன்று இருந்தது. நோர்வேஜிய மொழியில் அதைக் 'கம்மெ' என்பார்கள். எமது பேச்சில் மண்கொட்டில் எனலாம். வளைந்த பேர்ச் மரக் கம்புகளை நட்டு, மேலே கழிகளை அடுக்கி, ஈரம் இறங்காதபடி பேர்ச் மரப்பட்டையால் போர்த்துவார்கள். அதன்மேல் புல்லும் வேருமாக வெட்டியெடுத்த தரைக்கட்டிகளைத் தடிப்பாக அடுக்குவார்கள். நடுவே அடுப்பு, உச்சியில் புகை போக ஒரு துவாரம். தாழ்ந்து உருண்ட வடிவம் என்பதால் காற்று அதை முட்டித் தள்ளுவதில்லை. மேலால் வழுக்கிப் போகிறது. புல்வேருக்குள் அடைபட்ட காற்றே குளிரைத் தடுக்கும் போர்வை. கரையோரச் சாமி மக்கள் சிலவேளை மாட்டையும் ஆட்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டார்கள். அவற்றின் உடற்சூடும் வீட்டுக்கு உதவிற்று. கைவிடப்பட்டால் கொட்டில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஒரு மேடு மட்டும் மிஞ்சும்.

இதில் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. புகையும் ஈரமும் நெருக்கமும் நோய்க்கு வழிவிட்டன. ஆனால் கற்றவர்களின் கண்ணில் அது நோயின் அடையாளம் மட்டுமல்ல, பின்தங்கிய இனத்தின் அடையாளமுமாயிற்று. 1902ஆம் ஆண்டுச் சட்டப்படி பின்மார்க்கில் அரச காணி வாங்க நோர்வேஜிய மொழி தெரிந்திருக்க வேண்டும். காணிக்கும் நோர்வேஜியப் பெயர் இடவேண்டும். வீடும் மொழியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்ட காலம் அது.

விந்தை என்னவென்றால், 1944இன் அந்தக் குளிர்காலத்தில் உயிரைக் காத்தவற்றுள் இந்தக் கொட்டிலும் ஒன்று. கட்டளையை மீறி 20,000க்கும் மேற்பட்டோர் வெளியேறாமல் தங்கினார்கள். பியோர்னவாத்ன் சுரங்கத்தில் ஏறக்குறைய 3,000 பேர் ஒளிந்திருந்தார்கள். குழந்தைகளும் அங்கே பிறந்தன. வேறு பலர் குகைகளிலும், கவிழ்த்த தோணிகளின் கீழும், மண்கொட்டில்களிலும் குளிரைக் கழித்தார்கள். சமாதானம் வந்ததும், திட்டம் முடியும்வரை திரும்ப வேண்டாம் என்று அரசு தடுத்தது. மக்கள் கேட்கவில்லை. தங்கள் சாம்பலைத் தேடி வந்து, மீண்டும் கொட்டில் கட்டிக் குந்தினார்கள்.

பிறகு மீள்கட்டுமானம் தொடங்கிற்று. 1946இல் அரச வீடமைப்பு வங்கி நிறுவப்பட்டது. ஒரே மாதிரியான வரைபடங்களின்படி ஒன்றரை மாடி மரவீடுகள் வரிசையாக எழுந்தன. சரிந்த கூரை, நடுவே புகைக்கூடு, கீழே குசினியும் இருப்பறையும், மேலே படுக்கையறைகள். சிறிய, கச்சிதமான உருவம். வெளிச்சுவர் குறைந்தால் வெளியேறும் சூடும் குறையும். மீனவனுக்கும் உத்தியோகத்தனுக்கும் ஏறக்குறைய ஒரே வீடு. வறிய நாடொன்று போரின் களைப்போடு செய்த இந்தக் காரியம் சிறியதல்ல. அவ்வீடுகள் இன்றும் நிற்கின்றன. எண்பதுகளில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன எம்மவர்கள் நடந்த தெருக்கள் இவைதான். எல்லா வீடும் ஒன்றுபோலிருப்பதைக் கண்டவர்கள் பலர். ஏன் என்று கேட்டவர்கள் சிலர்தான்.

ஆனால் அந்த வரைபடங்களில் சாமி மக்களின் வாழ்வுக்குப் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. நடு அடுப்பைச் சுற்றி முழுக் குடும்பமும் இருந்த ஒற்றை அறை, தனித்தனி அறைகளாகப் பிரிந்தது. கொட்டிலோடு அதை எழுப்பும் கைப்பழக்கமும் பல இடங்களில் அற்றுப்போயிற்று. புதிய வீட்டுக்குள் புதிய மொழியும் குடியேறிற்று. கரையோரச் சாமிப் பிள்ளைகள் பலர் நோர்வேஜிய மொழி மட்டுமே பேசி வளர்ந்தார்கள். வீடு மட்டுமே இதற்குக் காரணமல்ல. பாடசாலை அதற்கு நெடுங்காலம் முன்னரே அந்த வேலையைத் தொடங்கியிருந்தது. ஆனால் எரித்தவன் விட்டுவைத்த வெற்றிடத்தில், கட்டியவனின் நல்லெண்ணம் அதை விரைவாக்கியது. நோர்வேஜியமயமாக்கலை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை பாராளுமன்றத்திடம் வந்து சேர 2023ஆம் ஆண்டு ஜூன்வரை ஆயிற்று.

இந்தக் கதை எமக்குத் தூரத்துக் கதையல்ல. மண்வீட்டில் பிறந்து, கல்வீடு கட்டக் கடன்பட்டவர்கள் நாங்கள். மண்சுவரும் கிடுகுக் கூரையும் வெயிலுக்குத் தந்த குளிர்மையை, ஏழ்மை என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட்டோம். போர் முடிந்தபின், 2016இல், வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் வந்தது. அந்த வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்காது, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை தராது என்று பொறியியலாளர்களும் மக்களும் எதிர்த்தார்கள். பின்மார்க்கில் குளிருக்காக எழுந்த கேள்வியே இங்கு வெயிலுக்காக எழுந்தது.

சூழலுக்கேற்ற வீடு என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சுவரின் தடிப்பையும் கண்ணாடியின் அடுக்கையும் கணக்கிடுகிறார்கள், அதுவும் வேண்டியதே. ஆனால் பின்மார்க் சொல்வது இன்னொன்று. ஒரு நிலத்தின் காற்றை நூற்றாண்டுகளாக அறிந்தவன் அந்த நிலத்திலேயே இருக்கிறான். அவனுடைய கொட்டிலில் குறை இருக்கலாம். அந்தக் குறையைத் திருத்த வருபவன், முதலில் அதற்குள் குனிந்து நுழைந்து, சற்றுநேரம் அடுப்பருகே இருந்துவிட்டு, அதன் பிறகு பென்சிலை எடுக்கட்டும்.