உறைவிடப் பள்ளியும் ஊர்ச் சான்றும்

நம் குர்லாவுக்கு வரலாற்றில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1925 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3 ஆம் நாள், இந்திய நாட்டின் முதல் மின்சார இரயில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் குர்லாவே ஆகும். அன்று தொட்டு இன்று வரை எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி இங்கு வந்து இறங்கியுள்ளன. வந்தவர்கள் மூட்டை சுமந்தார்கள், பட்டறையில் உழைத்தார்கள், சிலர் நம்மைப்போல் இரயில்வே எழுத்தர்களாகவும் ஆனார்கள். அவர்தம் மக்களும் பேரரும் இன்று கேட்கும் கேள்வி வேறு. “பிள்ளையைச் சாத்தாரா சைனிக் பள்ளிக்கு எழுத வைக்கலாமா? அதற்கு எப்படித் தயார் செய்வது?” என்று சங்கக் கூட்டம் முடிந்ததும் நம்மைச் சூழ்ந்து கொள்வோர் பலர். அவர்களுக்கு விடை கூறு முன், இத்தகைய பள்ளிகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. அவ்வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றது. வாயிலில் நிற்கும் பிள்ளையை நோக்கி, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே அக்கேள்வி.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலைமீது எழுந்த முதல் உறைவிடப் பள்ளிகள் நம்மவருக்காக எழுந்தவை அல்ல. 1847 இல் சனாவரில் ஹென்றி லாரன்ஸ் தொடங்கிய பள்ளியும், 1858 இல் நம் நீலகிரியில் அவர் பெயரால் தோன்றிய பள்ளியும் ஆங்கிலச் சிப்பாய்களின் மக்களுக்காகவும், தந்தையை இழந்த அவர்தம் குழந்தைகளுக்காகவும் ஏற்பட்டவை. அங்கே தந்தையின் இனமே நுழைவுச் சீட்டு. அடுத்து 1870 இல் இராஜகோட்டில் இராஜகுமார் கல்லூரியும், 1875 இல் அஜ்மீரில் மேயோ கல்லூரியும் எழுந்தன. அங்கே தந்தையின் மகுடமே நுழைவுச் சீட்டு. 1888 இல் கிழக்கிந்திய இரயில்வேக் கம்பெனி முசூரி மலைச்சாரலில் ஜரிபானி என்னும் இடத்தில் ஓக் குரோவ் பள்ளியை நிறுவியது. இரயில் ஊழியர்களின் மக்களுக்கென எழுந்த பள்ளியேயாயினும், அந்நாளில் அது ஐரோப்பிய ஊழியர் வீட்டுப் பிள்ளைகளையே எண்ணி எழுந்தது. இன்று அப்பள்ளி இந்திய இரயில்வேயின் உடைமை. கடைநிலை ஊழியன் மகனும் அதன் நுழைவுத் தேர்வை எழுதலாம். காலம் செய்த மாற்றங்களுள் இதுவும் ஒன்று. 1935 இல் டேராடூனில் தோன்றிய டூன் பள்ளி, எஸ். ஆர். தாஸ் என்னும் பெரியார் கண்ட கனவு. அங்கே இந்தியப் பிள்ளைகள் யாவரும் சேரலாம். ஆயினும் பணம் என்னும் காவலாளி வாயிலில் நின்றான்.

வெள்ளையரையும் செல்வரையும் மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட இயலாது. நம் தமிழ் மண்ணிலும் ஓர் உறைவிடப் பள்ளி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே வீழ்ந்தது. வ. வே. சு. ஐயர் 1922 இல் தொடங்கிப் பின் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலமே அது. நாட்டுப் பற்றும் தமிழ்ப் பற்றும் மிக்க அப்பெரியவரின் முயற்சிக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 5,000 ரூபாய் வழங்கியது. ஆனால் பந்தியில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும் நாடே கொதித்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாகக் கண்டித்தனர். ஐயர் குருகுலப் பொறுப்பினின்றும் விலகினார். 1925 ஜூன் 3 ஆம் நாள் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காக்கச் சென்று தாமும் உயிர் நீத்தார். குர்லாவுக்கு மின்சார வண்டி வந்த அதே 1925 இல் தமிழ்நாட்டில் ஒரு பள்ளி சோற்றுப் பந்தியால் சிதைந்தது என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் கனக்கின்றது.

விடுதலை பெற்ற இந்தியா வாயிலைச் சற்று அகலத் திறந்தது. பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் முயற்சியால் சைனிக் பள்ளிகள் தோன்றின. சாமானியக் குடும்பத்துப் பிள்ளைகளையும் படை அதிகாரிகளாக்கும் பயிற்சிக்கு ஆயத்தம் செய்வதே அவற்றின் நோக்கம். அவற்றுள் முதலாவது, 1961 ஜூன் 23 இல் நம் மராட்டிய மாநிலத்துச் சாத்தாராவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1962 ஜூலை 16 இல், உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் தமிழகத்துப் பள்ளி தோன்றியது. இங்கே தந்தை யார் என்பதைவிடப் பிள்ளை வாங்கும் மதிப்பெண் என்ன என்பதே முதன்மை பெற்றது. ஆறாம் வகுப்பில் சேர 10 வயது நிறைந்து 12 வயதைக் கடவாதிருத்தல் வேண்டும். நெடுங்காலம் ஆண் மக்களுக்கே உரியனவாயிருந்த இப்பள்ளிகள் 2021 முதல் பெண் மக்களுக்கும் திறந்துள்ளன.

1986 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக நவோதயப் பள்ளிகள் நாடெங்கும் பரவின. உணவும், உறையுளும், சீருடையும், புத்தகமும் இலவசம். இடங்களில் நூற்றுக்கு 75 கிராமப் பிள்ளைகளுக்கு உரியவை. எந்த மாவட்டத்தில் வாழ்ந்து ஐந்தாம் வகுப்புப் படிக்கின்றானோ, அம்மாவட்டத்துப் பள்ளிக்கே பிள்ளை எழுதலாம். அதுவும் ஒரு முறைதான். நகரத் தெருவில் வளரும் நம் குர்லாப் பிள்ளைக்கு இவ்வழி குறுகியது. ஊரிலுள்ள நம் தம்பி மகனுக்கோ, மும்மொழித் திட்டத்தை ஏலாது 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாட்டில், இவ்வழியே இல்லாதிருந்து வந்துள்ளது. ஆயின் அடுத்துள்ள காரைக்காலிலும் புதுவையிலும் நவோதயப் பள்ளிகள் உண்டு.

இனம், மகுடம், பணம், பந்தி என்னும் தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தபின், இன்று புலம்பெயர்ந்தோர் முன் நிற்கும் கேள்வி ‘ஊர்’ என்பதாகும். சைனிக் பள்ளிகளில் நூற்றுக்கு 67 இடங்கள் பள்ளி அமைந்துள்ள மாநிலத்தாருக்கு. எஞ்சிய 33 மட்டுமே பிற மாநிலத்தாருக்கு. நம் பிள்ளை எம்மாநிலத்தான்? நம் பெண்டிர் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். ஆகவே பிறப்புச் சான்றில் திருநெல்வேலி என்றிருக்கும். வளர்ந்ததெல்லாம் குர்லாவாக இருக்கும். சாத்தாரா கேட்பது மராட்டிய இருப்பிடச் சான்று. அமராவதிநகர் கேட்பது தமிழக இருப்பிடச் சான்று. இரண்டும் கைவசம் இல்லாதவன் இரு வீட்டுக்கும் விருந்தாளியாய் நிற்கின்றான். பட்டியல் சாதியைச் சேர்ந்த நம் அன்பர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தில் பெற்ற அத்தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்துச் சலுகைக்குத் தானே செல்லுபடியாகாது என்று 1990 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனை நூலறிவால் மட்டும் நாம் கூறவில்லை. நம் வீட்டிலேயே நடந்தது அது. பிள்ளை ஈராண்டு விடியற்காலையில் எழுந்து கணக்குப் போட்டான். தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றான். ஆனால் இருப்பிடச் சான்று உரிய நாளில் கைக்கு வரவில்லை. உள்மாநிலப் பட்டியலில் இடம் பெறக்கூடிய மதிப்பெண், வெளிமாநிலப் பட்டியலில் போதாதாயிற்று. பழி எவர் மேலும் இல்லை. நாம் மனுச் செய்ததே காலம் கடந்துதான். கையொப்பம் ஒன்று குறைந்தாலும் அலுவலகத்தில் ஒரு தாளை ஏற்காத நாம், நம் பிள்ளையின் தாளைச் சேர்த்து வைக்கத் தவறினோம். “என் கணக்கில் பிழையா அப்பா?” என்று அவன் கேட்டான். “இல்லையடா, என் கணக்கில்தான் பிழை” என்றோம். வேறொருவர் பிள்ளைக்கு அந்நிலை வரலாகாது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கவை இவை. பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, குடும்ப அட்டை, பழைய மின்கட்டண இரசீது ஆகியவற்றைத் திரட்டி இருப்பிடச் சான்றுக்கு எழுதிப் போடுக. எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கின்றதா என்று பார்த்துக் கொள்க. சாதிச் சான்று வேண்டுவோர் தந்தையின் பழைய சான்றை ஊரிலிருந்து முன்னரே தருவிக்க.

சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண். அதில் பாதி, அஃதாவது 150, கணிதத்துக்கே உரியது. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50. வினாக்கள் 125, காலம் 150 நிமிடம். ஆகவே ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கணக்கை அறிந்தால் மட்டும் போதாது, விரைவும் வேண்டும். பின்னம், சதவீதம், பரப்பளவு, காலமும் தூரமும் ஆகியவற்றை நாள்தோறும் கடிகாரத்தை முன்வைத்துப் பழகுக. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் அறிதல் நலம். தாய்மொழியில் பயில்வதால் வாயில் அடைபடுவதில்லை.

தேர்வுக்குப் பின் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. கண்ணையும் பல்லையும் முன்னரே மருத்துவரிடம் காட்டுக. தன் துணியைத் தானே துவைக்கவும், தட்டில் இட்டதை முகஞ்சுளியாது உண்ணவும், தாய் அருகில் இல்லாது உறங்கவும் பிள்ளையைப் பழக்குக. இதற்குத் தாயும் பழகிக் கொள்ளல் வேண்டும்!

நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒரு கணக்கு வகுப்பும், திங்களுக்கு ஒரு நாள் சான்று விண்ணப்பம் எழுதித் தரும் உதவியும் நடத்துமாயின், அஃது இம்மலரினும் மணமிக்க தொண்டாகும். எழுதித் தரும் வேலையை நாமே ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம். “நீ எந்த ஊர்ப் பிள்ளை?” என்று இனி எந்த வாயிலில் கேட்டாலும், நம் குழந்தைகள் கையில் தாளோடும் நெஞ்சில் துணிவோடும், “குர்லாத் தமிழ்ப் பிள்ளை” என்று விடையளிக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!