அறுபதைக் கழித்தால் தெரியும் பட்டாளம்

1914-ஆம் ஆண்டின் இந்தியப் படைப் பட்டியலில் காலாட்படைகள் எண் வரிசைப்படி அச்சாகியிருக்கின்றன. 61, 62, 63, 64 என்று வரும் வரிசை 65-ஐத் தாண்டி 66-க்குப் போகிறது. 68 இல்லை. 70-உம் 71-உம் இல்லை. 77, 78, 85 ஆகியவையும் இல்லை. ஆக 61-க்கும் 93-க்கும் இடையில் ஏழு எண்களைக் காணோம். சம்பளமும் பதவி உயர்வும் இந்தப் பட்டியலை வைத்தே நடந்தன. ஒரே பகுதியில் ஏழு அச்சுப் பிழைகள் நேர்ந்திருக்க வழியில்லை. இந்த எண்களுக்குரியவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியில்தான் என் தேடல் தொடங்கியது.

61 முதல் 93 வரையிலான எண்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் மாகாணவாரியாக இருந்த படைப்பிரிவுகளை ஒரே வரிசையில் கொண்டுவந்தபோது, சென்னைப் படையின் பழைய எண்களோடு அறுபதைக் கூட்டினார். பம்பாய்ப் படைக்கு நூறு. ஆகவே 1914 பட்டியலின் எண்ணிலிருந்து அறுபதைக் கழித்தால் சென்னைப் படையில் அந்தப் பட்டாளம் எத்தனையாவது என்பது தெரிந்துவிடும். 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி பழைய 3. 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி பழைய 23.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு எளிமையானது. முதல் உலகப் போருக்குப் பின் அரசின் கையில் பணமில்லை. சிக்கனத்துக்காகச் சென்னைக் காலாட்படையை 1923-க்கும் 1928-க்கும் இடையில் கலைத்துவிட்டார்கள். இது உண்மை. ஆனால் 1914-இலேயே பட்டியல் இப்படி ஓட்டை விழுந்து கிடந்தது ஏன் என்பதற்கு இந்த விடையில் பதில் இல்லை. பணத்தட்டுப்பாடு வருவதற்கு முன்பே ஆட்கள் போயிருக்கிறார்கள்.

பின்னோக்கி ஒரு எண்ணிக்கை

முதலில் பழைய எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1857 கிளர்ச்சியின்போது சென்னைப் படையில் 52 காலாட்படைப் பட்டாளங்கள் இருந்தன. கிளர்ச்சிச் செலவால் அரசு கடனில் மூழ்க, 1860-களின் தொடக்கத்தில் 12 பட்டாளங்கள் கலைக்கப்பட்டு 40 மிஞ்சின. கலைந்தவை பெரும்பாலும் கடைசி எண்கள். நடுவிலிருந்து போன ஒரே எண் 18.

அடுத்த வெட்டு 1882-இல். இரண்டாம் ஆப்கன் போர் நடந்துகொண்டிருந்த 1879-இல், படைச் செலவைக் குறைக்க வழி சொல்லுமாறு சர் ஆஷ்லி ஈடன் தலைமையில் ஒரு ஆணையம் அமைந்தது. அதன் விளைவாகச் சென்னையில் 34 முதல் 41 வரை எட்டுப் பட்டாளங்கள் போயின. மிச்சம் 32. டபிள்யூ. ஜே. வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றின் முதல் தொகுதி சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்ததும் அதே 1882-இல்தான். ஒரு பக்கம் படையின் பெருமை அச்சேறிக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே படை கலைந்துகொண்டிருந்தது.

இதுவரை சிக்கனம் என்ற காரணம் பொருந்துகிறது. ஆனால் 1885-இல் ஆப்கன் எல்லையில் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை ஆப்கானியரைத் தாக்கியது. அடுத்தது இந்தியாதான் என்ற அச்சம் சிம்லாவில் இருந்த அரசைப் பிடித்தது. பணமில்லை என்று சொன்ன அரசே படையைப் பெருக்கியது. 1886-இல் கூர்க்கா ரெஜிமென்ட்களுக்கு இரண்டாம் பட்டாலியன்கள் வந்தன. 1887-இல் வங்கப் படையில் 35, 36 என்ற எண்களில் சீக்கியப் பட்டாளங்களும் 37-இல் டோக்ராப் பட்டாளமும் எழுந்தன. கர்வாலிகளுக்கும் தனிப் பட்டாலியன் கிடைத்தது. 1882-இல் வங்கப் படையில் காலியான எண்கள் இப்படி நிரம்பின. சென்னையின் 34 முதல் 41 வரையிலான எண்களைச் சென்னைக்காரர்களுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெட்டும்போது எல்லா மாகாணமும் இழந்தது. வளர்த்தபோது வடக்கு மட்டும் வளர்ந்தது. என் சந்தேகம் உறுதியானது இந்த இடத்தில்தான்.

எழுபதைத் தேடி

காணாமல் போன எண்களில் 70-ஐப் பின்தொடர்ந்தேன். அறுபதைக் கழித்தால் சென்னையின் 10-ஆவது பட்டாளம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள சென்னைப் படைத்துறைத் தாள்கள் ஓரளவுக்குத்தான் உதவும். மாகாணப் படைகள் 1895-இல் ஒழிக்கப்பட்டு அதிகாரம் முழுக்க மத்திய அரசுக்குப் போனதால், சென்னையில் தடம் அங்கேயே அறுந்துவிடுகிறது. அதன்பின் ஆண்டுதோறும் வெளிவந்த படைப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பெயர் மாற்றங்களைப் பின்தொடர்வதுதான் வழி.

10-ஆவது சென்னைப் பட்டாளம் 1890-களின் தொடக்கத்தில் முதல் பர்மா பட்டாலியன் என்ற அடைமொழியைப் பெறுகிறது. பிறகு பர்மா ரைஃபிள்ஸ். 1895-இல் பர்மா கூர்க்கா ரைஃபிள்ஸ். 1901-இல் 10-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ். கிச்சனர் 1903-இல் அறுபதைக் கூட்ட வந்தபோது அது சென்னைப் பட்டியலில் இல்லை. கூர்க்கா வரிசையில் நின்றது. எண் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த மனிதர்கள் அனைவரும் மாறிவிட்டார்கள்.

இது தனிக்கதை இல்லை. மூன்றாம் பர்மா போருக்குப் பின் 10, 12, 29, 30, 31, 32, 33 ஆகிய ஏழு சென்னைப் பட்டாளங்கள் பர்மா பட்டாலியன்கள் ஆயின. சென்னைச் சிப்பாய்கள் வெளியேற, வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். திருச்சிராப்பள்ளி லைட் இன்ஃபன்ட்ரி என்ற பெயரைப் பல பத்தாண்டுகள் சுமந்த 31-ஆவது பட்டாளம் 1903-இல் 91-ஆவது பஞ்சாபி ஆகிவிட்டது.

மற்ற ஓட்டைகளும் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. 11-ஆவது பட்டாளம் 1902-இல் குடகு ரைஃபிள்ஸாக மாற்றப்பட்டு 71 என்ற எண்ணைப் பெற்றது, 1904-இலேயே கலைந்தது. 17-உம் 25-உம் மாப்பிள்ளை ரைஃபிள்ஸ் ஆயின. அவற்றில் 25-க்கு 85 கிடைக்கவில்லை; 1860-களில் காலியான 18-இன் இடத்தில் 78 என்ற எண் கிடைத்தது. மாப்பிள்ளைப் பட்டாளங்கள் இரண்டும் 1907-இல் கலைக்கப்பட்டன. 85 ஏன் இல்லை, 18 இல்லாமல் 78 எப்படி வந்தது என்ற இரண்டு புதிர்களும் ஒருசேர அவிழ்ந்தன. எஞ்சிய 65-உம் 68-உம் நேரடியாகக் கலைக்கப்பட்டவை.

இப்போது 1914 பட்டியலை மீண்டும் எண்ணினேன். 61 முதல் 93 வரை மொத்தம் 33 எண்கள். காலி 7. பர்மா இன்ஃபன்ட்ரி 1. பஞ்சாபி என்று பெயர் மாறியவை 14. சென்னைக்காரர்கள் உண்மையில் இருந்தவை 11. அவற்றிலும் மூன்று, பாதை போடும் பயனியர் பட்டாளங்கள். ஓட்டைகளைத் தேடப் போனவனுக்கு ஓட்டைகளைவிடப் பெரிய செய்தி நிரம்பிய இடங்களில் கிடைத்தது. காலி எண்களைப் போல இரு மடங்குப் பட்டாளங்கள், பெயர் மாறி உயிரோடு இருந்தன.

சிக்கனம் என்ற விளக்கம் இங்கேதான் உடைகிறது. ஒரு பட்டாளத்தைக் கலைத்தால் பணம் மிஞ்சும். அதே பட்டாளத்தில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பதிலாகப் பஞ்சாபியை நிறுத்தினால் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. சிப்பாய்ச் சம்பளம் 1895-இல் 7 ரூபாயிலிருந்து 9 ரூபாயானது. அது வடக்கத்தியானுக்கும் தெற்கத்தியானுக்கும் ஒன்றேதான். பதினான்கு பட்டாளங்களை மாற்றியது கணக்குப்பிள்ளையின் பேனா இல்லை.

யாருடைய பேனா?

காரணத்தை மறைக்காமல் எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். பிரடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதி. பிறகு 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதி. 1897-இல் வெளிவந்த தம் நினைவு நூலில், சென்னைச் சிப்பாயிடம் போர்க்குணத்தைத் தேடிப் பார்த்துத் தாம் தோற்றதாகச் சொல்கிறார். நெடுங்காலம் அமைதியில் வாழ்ந்ததால் அந்தக் குணம் மங்கிவிட்டது, வடக்கின் எதிரிகளுக்கு எதிரே இவர்களை நிறுத்த முடியாது என்பது அவர் தீர்ப்பு. போர்க்குல இனங்கள் என்ற கொள்கை அதிகாரபூர்வமாக வேரூன்றியது அவர் காலத்தில்.

எதிர்த்தரப்புச் சான்றையும் பார்க்க வேண்டும். சென்னைச் சிப்பாய் குடும்பத்தைக் கூடவே வைத்திருந்தான். தொலைவுக்குப் படை நகர்த்துவது சிரமமானது. அன்றைய அச்சுறுத்தல் வடமேற்கில் இருந்தது. தெற்கில் நிற்கும் படைக்கு அங்கே உடனடிப் பயனில்லை. இரண்டுமே நியாயமான கவலைகள். ஆனால் தெற்கை அமைதியாக வைத்திருந்ததும் அரசு, சென்னைப் பட்டாளங்களைத் தெற்கிலேயே நிறுத்தியதும் அரசு, போர் பார்க்காதவன் என்று பிறகு குறை சொன்னதும் அதே அரசு. தீர்ப்பு பரவியபின் திறமையான அதிகாரிகள் சென்னைப் பட்டாளங்களைத் தவிர்க்கத் தொடங்கினால், அந்தத் தீர்ப்பு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த சண்டை இதற்கு நல்ல உதாரணம். அங்கே பாளையங்கோட்டைப் பட்டாளம் நிலைகுலைந்து ஓடியது, மறுப்பதற்கில்லை. அதே சண்டையில் 13-ஆவது ராஜபுத்திரர் பட்டாளமும் நிலைகுலைந்தது. 1922 சீரமைப்பில் ராஜபுத்திரர் பட்டாளம் புதிய ரெஜிமென்டுக்குள் இடம்பெற்றது. புதிதாக அமைந்த 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன்களில் பாளையங்கோட்டை இல்லை. ஒரே சண்டையின் தோல்வி ஒருவருக்கு விபத்தாகவும் இன்னொருவருக்குச் சான்றாகவும் பதிவானது.

வெட்டு கேட்டவர்கள்

1923-இன் இஞ்ச்கேப் சிக்கனக் குழு அறிக்கையைப் படித்தபோது ஒரு கசப்பான முரண் எதிர்ப்பட்டது. படைச் செலவைக் குறை என்ற கோரிக்கையை நெடுங்காலமாக எழுப்பியவர்கள் இந்தியத் தலைவர்கள். அவர்களில் தமிழர் குரல் உரத்தது. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897-இல் லண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் பி. எஸ். சிவஸ்வாமி ஐயர், இந்தியப் படையின் நிர்வாகம் பற்றிய எஷர் குழு அறிக்கையை எதிர்த்துத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். இந்தியப் படை இந்தியப் பாதுகாப்புக்கு மட்டுமே, அதிகாரி நிலையில் இந்தியருக்கு இடம் வேண்டும் என்பவை அவர் வாதத்தின் மையம். பிரிட்டிஷ் பேரரசின் தேவைக்காக இந்தியா படைச் செலவைச் சுமந்தது. அவர்கள் கேட்டது நியாயம்.

1922-23-க்கான படைச் செலவு மதிப்பீடு 67.75 கோடி ரூபாய். கப்பல் தொழிலதிபர் இஞ்ச்கேப் பிரபு தலைமையிலான சிக்கனக் குழு அதை 57.75 கோடியாகக் குறைக்கவும், காலப்போக்கில் 50 கோடிக்குக் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. கோடிகள் குறைந்தன. குறைய வேண்டிய பட்டாளங்கள் எவை என்பதைப் படைத் தலைமையகம் முடிவு செய்தது. 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1928-இல் நிரந்தரக் காலாட்படையில் சென்னைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெட்ராஸ் பயனியர்களும் போனார்கள். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்கள் மட்டும் தப்பினர். பாலம் கட்டவும் சுரங்கம் வெடிக்கவும் தெரிந்த அந்தத் ‘தம்பி’களுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை.

விளைவு 1930-இல் வெளிவந்த சைமன் ஆணைய அறிக்கையின் ஒரு அட்டவணையில் கிடக்கிறது. போரிடும் வீரர்கள் மொத்தம் ஏறத்தாழ 1,58,000. பஞ்சாப் 86,000. நேபாளக் கூர்க்காக்கள் 19,000. சென்னை மாகாணம் 4,000.

இந்தப் பட்டியலை அடுத்த போர் திருத்தியது. 1941-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோ அருகே, சக வீரர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் பாய்ந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். போர்க்குணம் மங்கிய மண் என்று ராபர்ட்ஸ் எழுதி அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

பெயர் மாறிய பட்டாளங்கள் பின்னர் மூன்று நாட்டுப் படைகளுக்குப் பிரிந்து போயின. 1922-இல் 62, 66, 76, 82, 84 ஆகியவை 1-ஆவது பஞ்சாப் ரெஜிமென்டுக்குள்ளும், 89 முதல் 92 வரையிலானவை 8-ஆவது பஞ்சாப் ரெஜிமென்டுக்குள்ளும் சேர்ந்தன. 1947-இல் இவ்விரண்டும் பாகிஸ்தானுக்குப் போயின. திருச்சிராப்பள்ளிப் பட்டாளத்தின் வாரிசு பாகிஸ்தானின் பலூச் ரெஜிமென்டுக்குள் இருக்கிறது. 67, 69, 72, 74, 87 இந்தியாவுக்கு வந்தன. 10-ஆவது கூர்க்கா பிரிட்டிஷ் படையில் சேர்ந்தது. மூன்று நாடுகளின் ரெஜிமென்ட் வரலாறுகளிலும் சென்னைப் பட்டாளங்களின் தொடக்க ஆண்டுகள் மூப்பைக் காட்டும் பெருமையாகப் பேணப்படுகின்றன. பட்டாளத்தின் வயதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆட்களை மட்டும்தான் வேண்டாம் என்றார்கள்.

ஏழு எண்களைத் தேடிய எனக்குக் கிடைத்த முடிவு இதுதான். செலவுக் குறைப்பு ஆணைகள் எவ்வளவு என்பதைச் சொல்லும். யாரை என்பதைச் சொல்லாது. அந்த இரண்டாவது விடை வேறொரு மேசையில், பல காலம் முன்பே எழுதப்பட்டிருக்கும். பணம் இல்லாத ஆண்டு அதற்கு ஒரு வாய்ப்பு மட்டுமே. எந்தப் படையில், எந்த அரசுத் துறையில் ஆட்குறைப்பு நடந்தாலும் ஆய்வாளர் தொகையோடு நின்றுவிடக் கூடாது. வெட்டப்பட்டோர் பட்டியலின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னைக் காலாட்படையை ஒழித்த ஆணை 1923-க்குரியது. அதன் பட்டியலுக்கு அப்போதே வயது நாற்பது.