தட்டில் தெளிந்த வட்டம்

மாணவர்களே, நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், காய்ச்சலினின்று எழுந்துவந்த பையன் ஒருவன், "ஐயா, மாத்திரைக்குள் மருந்து சரியாக இருக்கிறதென்று எப்படி அறிவார்கள்?" என்று கேட்டான். அன்று விழித்தேன். பின்னர் தேடிப் படித்ததையே இன்று கூறுகிறேன்.

வீரியம் குறைந்த பெனிசிலின் நோயாளியைக் கைவிடுவதோடு நில்லாது. எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கே அஞ்சாதனவாய்ப் பெருகவும் இடந்தரும். ஆதலால் அளந்தறிதல் இன்றியமையாதது.

1940ஆம் ஆண்டு. ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் என்னும் அறிஞர்கள், ஃபிளெமிங் 1928இல் கண்ட பெனிசிலினை மருந்தாக்க முயன்றுகொண்டிருந்தனர். போர்க்காலமாதலால் கருவிகளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்த மருந்தோ மிகச் சிறிது, அதுவும் தூய்மையற்றது. அதனை நிறுத்து வீரியம் காண முடியுமா? உடன் உழைத்த நார்மன் ஹீட்லி எளிய வழியொன்று கண்டார். கடற்பாசியினின்று எடுக்கும் அகாரைக் கண்ணாடித் தட்டில் உறையவிட்டுக் கிருமியைப் பரப்பினார். அதன்மேல் சிறு குழாய்களை நிறுத்தி, அவற்றுள் மருந்துக் கரைசலை விட்டார். உடல் வெப்பத்தில் ஓரிரவு வைத்தால், காலையில் தட்டெங்கும் கிருமி மங்கலாய்ப் படர்ந்திருக்கும். குழாயைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தோன்றும். அளவு தெரிந்த கரைசல் தரும் வட்டத்தோடு அதனை ஒப்பிட்டு வீரியத்தைக் கணித்தார். 1941இல் காவலர் ஒருவருக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது, அது போதாமையால் அவருடைய சிறுநீரிலிருந்தே மீண்டும் பிரித்தெடுத்தனர் என்றால், ஒவ்வொரு துளியையும் அளக்க வேண்டியிருந்ததன் காரணம் விளங்கும்!

எனினும், கலந்துள்ள மாசு இன்னதென்று வட்டம் காட்டாது. அதனை நிமிடங்களில் பிரித்துக் காட்டும் திரவக் குரோமட்டோகிராபி 1970க்குப் பின் சோதனைச்சாலைகளில் பரவிற்று. ஆனால் அது பெரும்பாலும் அசிட்டோநைட்ரைல் கலந்த கரைப்பானில் ஓடுகிறது. உடலுள் சென்றால் சயனைடாக மாறும் பொருள் அது! நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் வீதம் ஓயாது ஓடினால் ஒரு நாளைக்கு 1,440 மில்லிலிட்டர் கழிவு. நோய் தீர்க்கும் மருந்தைச் சோதிக்க நாள்தோறும் நஞ்சைப் பெருக்குவதா?

1998இல் அனாஸ்டஸ், வார்னர் இருவரும் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகளை வகுத்தனர். அவற்றைவிட வேகமாக வேலை செய்தது தட்டுப்பாடே என்பது என் எண்ணம். அசிட்டோநைட்ரைல் வேறொரு தொழிற்பொருளின் உடன்விளைவு. 2008இல் வாணிகம் தளர்ந்து அத்தொழில் சுருங்கவே இதுவும் அருகியது. பல சோதனைச்சாலைகள் மாற்று தேடின. எதனாலும் நீரும் கலந்த கரைப்பான் சில மருந்துகளுக்குப் போதுமென்று கண்டனர். குழலைக் குறுக்கிக் கழிவையும் குறைத்தனர்.

ஹீட்லியின் தட்டும் மறையவில்லை. இன்று 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் கிருமியை வளர்த்து, நீர் கலங்கும் அளவை ஒளியால் அளக்கிறார்கள். ஓரிரவுக்குப் பதில் சில மணி நேரமே போதும். நச்சுக் கரைப்பான் தேவையில்லை. ஆயினும் கிருமியுள்ள தட்டை அழுத்த நீராவியில் வேகவைக்க வேண்டும். எஞ்சிய மருந்தையும் சிதைத்த பின்னரே சாக்கடையில் விடலாம்.