செம்மண் எவ்வளவு குடிக்கும்?

இன்னைக்கு எபிசோடு கக்கூஸ் சமாசாரம். சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க ஒரு பாஸ் போட்டுட்டு அப்புறமா வாங்க.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் ரோட்டைப் பிடிச்சா, ஜிப்மர் இருக்கிற கோரிமேடு வரும்போது நிலம் மெல்ல ஏறும். கடற்கரைப் பக்கம் மணல், இங்கே செம்மண். இதன் அடியில் இருப்பதை நிலவியலாளர்கள் ‘கடலூர் மணற்கல்’ என்கிறார்கள். திருவக்கரை கல்மரங்களைப் பற்றி 1781-ல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் எழுதினாரே, அந்த மரங்களும் இதே பாறையில்தான் கிடக்கின்றன.

இதுக்கும் செப்டிக் டேங்குக்கும் என்ன சம்பந்தம்? டேங்க் பாதி வேலையைத்தான் செய்யும். கசடு அடியில் தங்கும், மேலே வழியும் தண்ணீர் கிருமியோடதான் வெளியே வரும். மீதி வேலையைச் செய்வது மண். ஆனா வீடு கட்டும்போது டைல்ஸுக்கு மூணு கடை ஏறுவோம், மண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

1860 வாக்கில் பிரான்ஸின் வெசூல் ஊரில் ழான்-லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், எதிர்பார்த்த அளவுக்குக் கசடே இல்லை! 1881-ல் காப்புரிமை வாங்கினார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடரில் டொனால்ட் கேமரூன்தான் ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரை வைத்தார்.

ஏறக்குறைய மூராஸ் தொட்டி கட்டின அதே காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், லாமைரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து புதுச்சேரி நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார். பாரதி பூங்காவில் நாம செல்ஃபி எடுக்கிற ஆயி மண்டபம் அதன் நினைவுதான். ஆயி கதை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணி நிலத்தடியிலிருந்து வந்தது என்பதை யாரும் பேசுறதில்லை. இன்னைக்கும் இந்த ஊர் குடிப்பது நிலத்தடி நீரைத்தான்.

மண்ணைச் சோதிக்கும் முறை 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயன் என்ற பொறியாளர் கொடுத்தது. நம்ம இந்தியத் தரம் ஐஎஸ் 2470-ம் அதே வழிதான். ஒரு சாண் அகலத்தில் குழி, அடியில் கொஞ்சம் சரளை, தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி ஊற விடணும். மறுநாள் மறுபடி ஊத்தி, 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம்னு பார்க்கணும். 30 நிமிஷத்துக்குள்ளே இறங்கினா உறிஞ்சுகுழி போடலாம். 60 தாண்டினா அந்த மண் வேண்டாம்.

கோரிமேட்டுச் செம்மண் மணலா இருக்கிற இடத்தில் சுலபமா பாஸ் ஆகும். கொத்தனாரும் “நல்லா குடிக்கும் சார்”னு உறை இறக்கிடுவார். எனக்கு இங்கேதான் உறுத்தல். ரொம்ப வேகமா குடிக்கிற மண்ணில் கழிவுநீர் சுத்தமாக நேரமே கிடைக்காது. நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதும் இல்லை. இன்னொன்று, இந்தப் பாறையில் நடுநடுவே களிமண் அடுக்கு உண்டு. பக்கத்து மனையில் இறங்கின தண்ணி உங்க மனையில் தேங்கி நிக்கலாம். அதனால பக்கத்து வீட்டு ரிசல்ட்டை வெச்சு குழி தோண்டாதீங்க.

“பாதாளச் சாக்கடை வந்தா இந்தப் பேச்சே எதுக்கு?”னு கேட்கலாம். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியா ஏறி மூணு பெண்கள் இறந்தாங்க. அதில் ஒருத்தி பள்ளிக்கூடப் பொண்ணு. குழாய் போட்டதோட நம்ம பொறுப்பு முடிஞ்சதுன்னு எனக்குச் சொல்ல வரலை.

குழி போடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். கிணறோ போரோ இருந்தா குறைஞ்சது 18 மீட்டர் தள்ளிப் போடுங்க, அடுத்த வீட்டுப் போரையும் சேர்த்து அளந்து. டெஸ்ட்டை சித்திரை வெயிலில் பண்ணாம, ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம், நிலத்தடி நீர் மேலே ஏறி நிக்கும்போது பண்ணுங்க.