பள்ளுப் பாடிய வேதம்

தவக்காலம் வந்தால் அம்மம்மா பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவா. ஒப்பாரி மாதிரி ராகம் இழுத்து அதை வாசிப்பினம். கேட்டுக்கொண்டிருக்கிற பொம்பிளையள் அழுவினம். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் செத்த ஒருவருக்காக ஏன் இப்பிடி அழுகினம் என்று யோசிச்சிருக்கிறன். அவை தங்கட பிள்ளையளுக்காகவும் சேர்த்துத்தான் அழுதவை என்பது பிறகுதான் விளங்கியது.

அந்தப் புத்தகம் வியாகுலப் பிரசங்கம். எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. 1676இல் கோவாவில் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்தவர். அப்போது ஒல்லாந்தர் ஆட்சி. 1658இல் யாழ்ப்பாணம் அவர்களின் கைக்குப் போனதோடு கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, கோயில்கள் பறிக்கப்பட்டன. சுவாமிமார் ஒளித்துத் திரிந்த காலம் அது. குருவும் கோயிலும் இல்லாத ஊரில் விசுவாசம் எதில் தங்கும்? வாயில்தான் தங்கும். பாடமாக்கக்கூடிய, ராகத்தோடு சொல்லக்கூடிய எழுத்து அப்போது தேவைப்பட்டது. கொன்கணி பேசி வளர்ந்த அந்த மனிசன் தமிழிலும் சிங்களத்திலும் அதை எழுதினார். வியாகுலப் பிரசங்கம் உரைநடைதான். ஆனாலும் நம் சனம் அதைப் பாட்டாகவே வைத்துக்கொண்டது.

இந்த மரபு அவருக்கு முன்னமே தொடங்கிவிட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் தெல்லிப்பழை பேதுருப் புலவர் ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘சந்தியாகோ மயோர்’ என்ற போர்த்துக்கேயப் பெயர் தமிழ் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. கிளாலியில் கோயில் கொண்டிருக்கும் அதே யாகப்பர்தான் அவர். அம்மானை என்பது பெண்கள் காய் எறிந்து விளையாடிக்கொண்டு பாடுகிற பாட்டிலிருந்து வந்த வடிவம். கடல் கடந்து வந்த அப்போஸ்தலர் முற்றத்து விளையாட்டுக்குள் இறங்கிவிட்டார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதே 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘ஞானப்பள்ளு’. பள்ளு என்றால் வயல். உழவு, விதைப்பு, நெல்லினங்கள், மாடுகள், மழை எல்லாம் அதில் வரும். ஒரு பள்ளன், அவனுக்கு மூத்த பள்ளி, இளைய பள்ளி என்று இரண்டு மனைவிமார். வழக்கமான பள்ளுகளில் அவர்கள் தங்கள் தங்கள் நாட்டையும் தெய்வத்தையும் புகழ்ந்து சண்டை பிடிப்பார்கள். ஞானப்பள்ளில் அந்த நாடுகள் செருசலேமும் ரோமாபுரியும். வேத வரலாறு நம் வயல் வரம்பில் நின்று பேசுகிறது.

‘கிறிஸ்தவம் அந்நிய மதம், வெள்ளைக்காரன் தந்தது’ என்று சொல்பவர்களுக்கு இந்த நூலைக் காட்டலாம். ஆட்சி அந்நியம்தான், அதை மறைக்க ஏலாது. ஆனால் விசுவாசத்தைத் தன்னுடையதாக்க இந்த மண்ணின் புலவன் எடுத்தது சேற்றையும் நாற்றையும்தான். இயேசுவும் விதைப்பவனையும் களையையும் அறுவடையையும் வைத்துத்தானே கதை சொன்னார்.

ஆனால் இதோடு பெருமைப்பட்டு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். பள்ளு பள்ளரைப் பற்றியது. பாடியது பள்ளர் அல்ல. அவர்களின் உழைப்பும் பண்ணைக்காரனிடம் அவர்கள் படும் பாடும் புலவருக்கு உவமையாக, சில இடங்களில் பகிடியாகவும், பயன்பட்டன. ஞானப்பள்ளும் அந்தச் சட்டகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பாட்டில் பள்ளி செருசலேமின் புகழைப் பாடுகிறாள். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலோ பிற்காலம் வரைக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கு வேறாக இடம் ஒதுக்கப்பட்டது. மீட்பைப் பாட அவளின் குரல் வேண்டும், பக்கத்தில் இருக்க அவள் வேண்டாம். இந்த முரணைச் சொல்லாமல் நம் கிறிஸ்தவ இலக்கிய வரலாற்றை எழுத முடியாது.

அதற்காக அந்த நூல்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு கவிதை அன்றாட வாழ்க்கையைத் தொட்டுவிட்டால், எழுதியவர் நினைக்காத கேள்விகளும் அதிலிருந்து எழும்பும். வயலை வேதத்துக்குள் கொண்டுவந்தால், வயலில் நிற்பவரும் ஒருநாள் உள்ளே வந்து ‘என்ர இடம் எங்க?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வழி விட்டது அந்தப் பாட்டுத்தான்.

இன்று அம்மம்மாவின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் எத்தனையோ சாமான்கள் தொலைந்தன, இது தப்பியது. ராகம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கினம். உங்கட ஊரில இன்னும் ஒரு ஆச்சி வாசிக்கிறா என்றால், இந்தத் தவக்காலத்தில் பக்கத்தில் போய் இருங்கோ. ஃபோனில் பதிவு செய்யுங்கோ. அப்படியே, அவ ஆருக்காக அழுகிறா என்றும் கேளுங்கோ.