காக்காய்ச் சோறும் கருங்கல்லும்

பறவைக்கு இரை போடாதே என்று ஒரு பலகை நிற்க வேண்டுமானால், முதலில் அந்த இடம் யாருடைய பொறுப்பு என்பது முடிவாகியிருக்க வேண்டும். லண்டன் ட்ரபால்கர் சதுக்கத்தில் 2001இல் தானியக் கடையை அகற்றினார்கள். 2003இல் புறாவுக்கு இரை போடுவதையே தடைசெய்தார்கள். மும்பையில் 2025 ஜூலையில் 51 கபூத்தர்கானாக்களை மூடச் சொன்னது அரசு. புறா எச்சத்தின் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது மெய்தான், மருத்துவம் அறிந்தது. சமணர்களோ ஜீவதயை எங்கள் கடமை என்றார்கள். ஆகஸ்டில் தாதரில் கூட்டம் தார்ப்பாயைக் கிழித்தெறிந்தது. நகரத்தின் நடுவில் உரிமையோடு நிற்கிறவர்களின் சண்டை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரியில் பாரதி பூங்கா இருக்கிறது, நடுவில் மூன்றாம் நெப்போலியன் காலத்து ஆயி மண்டபம். காக்காய்க்குச் சோறு வைக்க நம் ஜனங்களுக்கு அந்தப் பூங்கா தேவைப்பட்டதில்லை. கூரை போதும், மொட்டை மாடி போதும், கடற்கரை போதும். அமாவாசையன்று காக்காய் முன்னோர். அது வாய் வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. அதே காக்காய் மறுநாள் கருவாடு காயும் மணலுக்கு வந்தால் திருடன், கல்லெடுத்து விரட்டுவாங்க. இதைக் கருணை என்று கொண்டாட நான் தயாரில்லை. நாளும் இடமும் வகுத்த ஒரு கொடுக்கல் வாங்கல். எழுதாத விதி, அபராதச் சீட்டு மட்டும் கிடையாது.

இந்த விதிக்கு மணல் வேணும். மாசிமகத்தன்று சுற்றுவட்டார சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்குவது வைத்திக்குப்பம் கரையில்தான். 1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. மணல் தெற்கே தேங்க, வடக்கே கடல் கரையைத் தின்றது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் ஓரமெல்லாம் கருங்கல்லைக் கொட்டினார்கள். கருவாடு காயவைக்க இடம் போச்சு, பிண்டம் வைக்க இடம் குறைஞ்சுது. இங்கே பலகை எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரம் தார்ப்பாயாக வந்தால் கிழிக்கலாம். பொறியியலாக வரும்போது அதற்குக் 'கடல் சீற்றம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், நிவாரணம் கேட்கிறவர்களாக மீனவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அமாவாசையன்று இங்கே இலையைக் கருங்கல் மேல்தான் வைக்கிறாங்க. காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கல்.